துப்பாக்கி போய்விட்டது, மச்சான் வரவும்

திருமழிசையில் கோபத்தோடு குடியிருக்கும் மரியாதைக்குரிய மச்சான் தங்கவேல் அவர்களுக்கு, ஆவடியிலிருந்து தங்கள் தங்கை புருஷன் மதுரைவீரன் இரண்டு கையும் கூப்பி எழுதுவது. இங்கு நான், தங்கள் தங்கை கன்னியம்மா, மணப்பெண்ணான நம் மகள் யுவராணி மூவரும் நலம். தாங்களும் நலம்தான். போன வாரம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் ஓடுகிற பஸ்ஸில் தாங்கள் தாவி ஏறிய வேகத்திலேயே அது தெரிந்தது. போனை எடுப்பதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

விஷயம் சந்தோஷமானது. தாங்கள் ஜெயித்துவிட்டீர்கள். என் துப்பாக்கியை அரசாங்கம் வாங்கிக்கொண்டது.

யுவராணி நிச்சயதார்த்தப் பந்தியில் நாம் போட்ட சண்டை நினைவிருக்கும். நகைக்கடைக் காவலுக்காக நான் லைசென்ஸ் எடுத்து வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பற்றி, "மாப்ள, கவர்மென்ட்டுக்காரன் எழுதி வெச்சிக்கிறதே என்னிக்காவது வந்து புடுங்கிகினு போறதுக்குத்தான்" என்றீர்கள். நான், "ஸ்கூட்டருக்குந்தான் நம்பர் எழுதிக்கிறான், புடுங்கிகினா பூட்டான்? யார் கையில இன்னா கீதுன்னு தெரியாம கெடக்கறத வுட இது மேல் மச்சான்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். கொசு பேட் தவிர வேறு ஆயுதம் இல்லாத மனுஷனுக்கு இந்தக் கவலை எதற்கு என்று சம்பந்தி காதில் விழும்படி கேட்டுத் தொலைத்தேன். என் வாய்க்கு லைசென்ஸ் கேட்டிருந்தால் எந்த அதிகாரியும் கொடுத்திருக்க மாட்டார். தாங்கள் பாயசத்துக்கு முன்பே இலையை மடித்து, "உன் துப்பாக்கிய கவர்மென்ட் வாங்கிகினு போற அன்னிக்குத்தான் உன் ஊட்டு வாசப்படி மிதிப்பேன்" என்று சபதம் போட்டுவிட்டீர்கள். "மாமா வந்து மாலை போடாம மேடை ஏற மாட்டேன்" என்று யுவராணி அன்றிலிருந்து அழுகிறாள்.

ஆகையால், தேர்தல் தேதி அறிவித்த மூன்றாம் நாள் ஸ்டேஷனிலிருந்து துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி போன் வந்ததும், மற்றவர்கள் முனகிக்கொண்டு போவார்கள், நான் சலவை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினேன் மச்சான். ஷேர் ஆட்டோவில் உறையோடு மடியில் வைத்திருந்தேன். பக்கத்திலிருந்த அம்மா, "இன்னாண்ணா, நாதஸ்வரமா?" என்றார். "கல்யாண விஷயமாத்தாம்மா எடுத்துகினு போறேன்" என்றேன். பொய்யில்லையே. ஸ்டேஷனில் ஏட்டு ஜெகதீசன், உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்கத் துப்பாக்கியை மடக்கித் திறந்தார். இரண்டு குழலிலிருந்தும் பொரி கொட்டியது. பின்னாலேயே பொட்டுக்கடலை, நாட்டுச் சர்க்கரை, கடைசியில் எறும்பு. போன ஆயுத பூஜைக்குத் தங்கள் தங்கை படைத்தது! அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் ஐந்து மாதமாக ஊரார் தங்கத்தை நான் காத்திருக்கிறேன். "இன்னா அண்ணாத்தே, திருடன் வந்தா பிரசாதம் குடுத்து அனுப்புவியா?" என்றார் ஏட்டு. ஸ்டேஷனே சிரித்தது, லாக்கப்பில் இருந்தவன் உட்பட. ரசீதில் ஒழுங்காக, "துப்பாக்கி ஒன்று, அதில் கட்டிய காய்ந்த எலுமிச்சம்பழம் ஒன்று" என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கன்னியம்மாவைக் கேட்டால், "மிக்சிக்குப் படைச்சேன், தையல் மிஷினுக்குப் படைச்சேன், அது மட்டும் வாயத் தொறந்துகினு கீது, சும்மா வுடறதா?" என்கிறாள்.

இப்போது கடை வாசலில் குடையோடு நிற்கிறேன். ரசீது நகல் இணைத்துள்ளேன். அரசாங்க முத்திரையோடு தங்கள் சபதம் நிறைவேறிவிட்டது. வரும் ஞாயிறு கல்யாணம். சனிக்கிழமையே வந்து வாசற்படியை இரண்டு காலாலும் மிதிக்கவும். அனுசுயா அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, கொசு பேட்டுக்கு என் மன்னிப்பு.

இப்படிக்கு,
துப்பாக்கி இல்லாத
மதுரைவீரன்

பின்குறிப்பு: தாய்மாமனிடம் மறைத்தால் பெண்ணுக்கு ஆகாது என்று கன்னியம்மா சொல்வதால் எழுதுகிறேன். ரசீதின் கடைசி வரியை மடித்துவிட்டுத்தான் நகல் எடுத்தேன். தேர்தல் முடிந்ததும் திருப்பித் தரப்படும் என்று அதில் இருக்கிறது. ஓட்டு எண்ணி முடித்துவிட்டார்கள். "ரூம் பூரா எறும்பு, வந்து எடுத்துகினு போ" என்று ஏட்டு மூன்று தடவை போன் செய்துவிட்டார். நானும் தங்களைப் போலவே எடுக்கவில்லை. இப்போது வாசலில் ஜீப் சத்தம், ஏட்டே துப்பாக்கியைக் கொண்டுவந்துவிட்டார். "அவரு ஊட்ல இல்ல சார்" என்கிறாள் கன்னியம்மா. கட்டிலுக்கு அடியிலிருந்து எழுதுகிறேன் மச்சான். சனிக்கிழமை வரை தாங்காது, உடனே கிளம்பவும்.