மோர்கன் மச்சானும் காற்றாலைக் கையெழுத்தும்

இல்ஃபோர்ட்,
ஆவணி 1993

எட்மண்டனில், லிப்ட் வேலை செய்யாத மாடியின் உச்சியில் வீற்றிருக்கும் மதிப்புக்குரிய குலசேகரம் மாமாவுக்கு,

மருமகள் பாலா வணக்கத்துடன் எழுதுவது. (பாலாம்பிகை என்று முழுப்பெயரில் பதில் போட்டால் கடிதம் திருப்பி அனுப்பப்படும்.) இங்கு எல்லோரும் சுகம். மாமியின் சமையலையும் தாண்டி நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போன் எடுக்காமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம், வேல்ஸிலிருந்து ஓர் அழைப்பு வரும் என்று அப்பா போனைக் கைக்குழந்தை போல மடியில் வைத்திருக்கிறார்.

விஷயம் உங்களுக்குப் பாதி தெரியும். ஆறு வருடமாகப் பெற்றோல் செட்டில் நின்ற அப்பாவுக்கு, அவர் ஊரில் மின்சார எஞ்சினியராக இருந்ததை நம்பி ஒரு காற்றாலைக் கம்பனி இப்போதுதான் வேலை கொடுத்தது; அதுவும் சும்மா இல்லை, வேல்ஸில் ஒரு பள்ளத்தாக்கின் மலையுச்சியில் காற்றாலை நட நிலத்துக்காரர்களிடம் இந்த மாதத்துக்குள் கையெழுத்து வாங்கினால்தான் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடியும் பெற்றோல் செட். நிலத்துக்காரர் இரண்டு குடும்பம். அந்தப் பள்ளத்தாக்கில் முதன்முதலில் கல் பொறுக்கி, புல் வளர்த்து, ஆடு மாடு மேய்த்த பரம்பரை. ஒரு வீட்டில் மிச்சம் இருப்பவர் மிஸ்டர் மோர்கன், கலியாணம் கட்டாதவர். மற்ற வீட்டில் மிஸிஸ் பிரிச்சர்ட், கணவரை இழந்தவர். மலையுச்சி யாருடையது என்ற சண்டையில் இருவருக்கும் நாற்பது வருடத்துக்கு மேலாகப் பேச்சில்லை. 'அந்த வீட்டார் முதலில் போடட்டும்' என்று இருவரும் பேனையைத் தொடவேயில்லை.

கம்பனி அவர்களை லண்டன் பார்க்க அழைத்தது. ஹோட்டல் சாப்பாட்டில் மனம் இளகாது என்று அப்பா வீட்டுக்கே கூப்பிட்டார்: மோர்கனுக்குச் சனி, பிரிச்சர்டுக்கு ஞாயிறு. போனில் மோர்கனுக்கும் ஞாயிறு என்று சொன்னது யார் என்பதை இக்கடிதம் விசாரிக்காது.

ஞாயிறு மத்தியானம், வீட்டில் இருக்கும் ஒரே சோபாவின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் இவர், நடுவில் நாற்பது வருடம். ஆடு வளர்க்கிறவர்களுக்கு அம்மா ஆட்டுக்கறியே சமைத்திருந்தார். அப்பா பேச்சை எங்கே தொடங்குவார்? நாங்கள் யாரைக் கண்டாலும் தொடங்குகிற இடத்தில்தான்: எந்த ஊர், எந்தப் பக்கம், ஆற்றை பிள்ளை, அதாவது யார் பெற்ற பிள்ளை. கம்பனியில் வேறு யாரும் அவர்களிடம் இதைக் கேட்டதில்லையாம். (அவர்களின் பதிலை எங்கள் தமிழிலேயே தருகிறேன், அப்போதுதான் உறைக்கும்.)

"இவரின்ரை தேப்பனும் என்ரை அம்மாவும் கூடப் பிறந்தவை," என்றார் மிஸிஸ் பிரிச்சர்ட், சுவரைப் பார்த்து. "மலையை அம்மப்பா அம்மாவுக்கு எண்டுதான் குடுத்தவர்."

"நிலம் ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான்," என்றார் மோர்கன், மற்றச் சுவரைப் பார்த்து.

அப்பா கம்பனியை மறந்துபோனார். "என்ன கதை கதைக்கிறியள்? காணி பொம்பிளைப் பிள்ளைக்குத்தானே போகும். சீதனம்!"

மோர்கன் எழும்பித் தொப்பியை எடுத்தார். எனக்குப் பெற்றோல் மணம் மூக்கில் ஏறியது. அந்த நேரம் பார்த்துக் கறிச்சட்டியோடு வந்த அம்மா, "ஐயோ, அப்ப இவை மச்சானும் மச்சாளும் எல்லோ! அப்பவே கட்டி வச்சிருந்தா மலை வீட்டுக்குள்ளையே நிண்டிருக்கும்," என்றார் தமிழில். மொழிபெயர்த்துவிடாதே என்று அப்பா எனக்குக் கண்ணைக் காட்டினார். "அவ என்ன சொல்லுறா?" என்று மோர்கன் என்னைக் கேட்டார். விருந்தாளி கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா, மாமா? ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"நாப்பத்தேழாம் ஆண்டிலை பொம்பிளை கேட்டனான்," என்றார் மோர்கன் மெதுவாக. "இவவின்ரை தேப்பன் துவக்கோடை சுட வந்தவர்."

"நீர் அவரைத்தானே கேட்டனீர். என்னைக் கேட்டனீரோ?"

"இப்ப கேட்டால்?"

"முதல்லை தொப்பியை வையும்."

பாயாசம் வரும்போது சோபாவின் இரண்டு முனையும் காலி, நடுவில்தான் இடமில்லை. வெளிக்கிடும்போது, வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்தே கையெழுத்துப் போடுவதாக அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அன்றிலிருந்து அப்பா கண்ணாடி முன் நின்று 'நிரந்தரம்' என்று சொல்லிப் பார்க்கிறார்.

ஆகவே மாமா, அப்பாவின் இடத்தை இன்னும் காலியாக வைத்திருக்கும் உங்கள் சிநேகிதரான பெற்றோல் செட் முதலாளியிடம், சிவானந்தன் இனி வரமாட்டார், வேறு ஆளைப் பாருங்கள் என்று கொஞ்சம் தலையை நிமிர்த்தியே சொல்லிவிடுங்கள். மாமிக்கு என் அன்பு. உங்கள் ஆசீர்வாதத்தைத் தபாலில் அனுப்பவும். அறிவுரையைத் தாங்களே வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
குழப்படி இல்லாத மருமகள்,
பாலா

பி.கு.: உறையை ஒட்டும்போது போன் வந்துவிட்டது. ஐப்பசியில் கலியாணம், அப்பாதான் மாப்பிள்ளைத் தோழன். கையெழுத்து மட்டும் கிடையாது. கோபமாக இருந்தவரை இருவருக்கும் அந்த மலையைப் பார்க்கவே பிடிக்காதாம். இனிப் பின்னேரங்களில் வாசலில் கிடக்கும் வாங்குப் பலகையில் சேர்ந்திருந்து அதைத்தான் பார்க்கப் போகிறார்களாம், இடையில் ஒன்றும் சுற்றக் கூடாதாம். "இப்ப சந்தோசமோ?" என்று அம்மா கேட்டதற்கு, அப்பா போனை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "நல்ல சம்பந்தம்," என்றார். முதலாளியிடம் ஒன்றும் சொல்லாதீர்கள் மாமா. இதை வாசிக்கும் முன்பே சொல்லியிருந்தால், அவரோடு கதை பேச்சு இல்லாத மச்சாள் யாராவது எங்காவது இருக்கிறாவா என்று விசாரித்து உடனே எழுதவும். ஞாயிறு எங்கள் சோபா காலியாகத்தான் இருக்கிறது.