அறுபதடிப் படகும் ஈனிட் வீட்டு வேலியும்

இந்த ஆகஸ்டு மாதம் ஈனிட் வீட்டு வேலியை வெட்டுவதில்லை என்று ஹெட்லி டன்னிக்ளிஃப் பிப்ரவரியிலேயே உறுதி பூண்டார்.

ஈனிட், அவருடைய மனைவி டோரீனின் அக்காள். முப்பத்தொரு ஆண்டுகளாக ஆகஸ்டின் கடைசி வாரம் அந்த அம்மையாரின் வீட்டில்தான் கழிந்தது. ஹெட்லி விருந்தாளியாகத்தான் போவார். முதல் கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் அவர் கையில் வேலிக்கத்தரி இருக்கும். அதைச் செடிவேலி என்பதைவிடக் கோட்டைமதில் என்பதே பொருந்தும். ஏழடி உயரம், இருபது கஜ நீளம். இரவில் தையல் இயந்திரம் இருக்கும் அறையில், கால் வெளியே நீளும் கட்டிலில் படுக்கை. ஊர் திரும்பிய பின், செப்டம்பர் பாதி வரை கரண்டியைத் தூக்கவும் அவருக்கு இடக்கையின் துணை வேண்டியிருக்கும்.

அப்படியிருக்க, ஒருநாள் காலை மார்மலேடு ஜாடியின் அடியில் ஒரு விளம்பரப் புத்தகத்தைக் கண்டார். கால்வாய்ப் படகு வாடகைக்கு. உள்ளேயே படுக்கை, அடுப்பு, குளியலறை. அது ஜாடிக்கு அடியில் எப்படி வந்தது என்று அவர் ஆராயவில்லை. ஆராய்ந்திருக்க வேண்டும்.

"டோரீன், இந்த வருஷம் நாம படகுல போறோம்."

"ஈனிட் வீட்டுக்கா?"

"இல்ல. விடுமுறைக்கு. ரெண்டும் வேற வேற."

"சரி. எத்தன அடிப் படகு?"

"நாப்பது போதும். ரெண்டு பேர்தானே."

"நாப்பதா? அதுல நின்னா உன்ன யாரு கேப்டன்னு சொல்லுவா? பால்காரன்னு நெனச்சு ரெண்டு பாட்டில் கேப்பாங்க. அறுபது எடு, ஹெட்லி."

பெரும்போரை எதிர்பார்த்திருந்த ஹெட்லிக்கு இந்த வெற்றி சற்று ஏமாற்றமாகவே இருந்தது. அக்கால்வாய் ஈனிட்டின் ஊர்வழியாகவே செல்கிறது என்பதையும் அவர் கவனிக்காமலில்லை. முப்பது ஆண்டுகள் பேருந்துகளின் கால அட்டவணையைக் கண்காணித்தவர் அல்லவா? அவ்வூருக்கு நான்கு மைல் முன்னதாக, நாற்பத்தொன்றாம் எண் பாலத்தருகே, படகைத் திருப்புவதற்கென்று கரையை வெட்டி அகலப்படுத்திய இடம் ஒன்று உண்டு. அங்கே திரும்பிவிடுவது என முடிவு செய்து, வரைபடத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

கால்வாயில் ஒரு வழக்கம் உண்டு. கணவர் படகின் பின்புறத்தில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, அடிவானத்தைப் பார்த்தபடி நிற்பார். மனைவி இரும்புக் கைப்பிடியோடு கரையிறங்கி, படகு ஏறி இறங்க நீர்மட்டத்தை மாற்றும் மதகுகளைச் சுழற்றித் திறப்பாள். ஹெட்லி இவ்வழக்கத்தைச் சட்டமாகவே அறிவித்தார்.

"என்ன ஆனாலும் கேப்டன் சுக்கான விட்டு நகரக் கூடாது. வரைபடம் பாக்கறது உன் வேலை."

"உத்தரவு, கேப்டன்."

சுக்கானை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். இந்த உண்மை மூளைக்கு எட்டிய பின்னும் ஹெட்லியின் கைக்கு எட்டவில்லை. முதல் நாள் முழுவதும் படகு இரு கரைகளையும் மாறி மாறி நலம் விசாரித்தது.

"அந்த வில்லோ மரத்த மட்டும் விட்டுட்டியே. அது மனசு கஷ்டப்படாதா?" என்றாள் டோரீன், தலையிலிருந்து இலைகளை எடுத்தபடி.

மதகுதோறும் அவள் மற்றப் படகுக்காரப் பெண்களோடு பேசிச் சிரித்தாள். என்ன பேசினாள் என்று கேப்டன் கேட்கவில்லை. அவருக்குப் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் தேநீரும் நேரம் தவறாமல் வந்துகொண்டிருந்தன.

மூன்றாம் நாள் முற்பகல் நாற்பத்தொன்றாம் பாலம் வந்தது. ஹெட்லி நிமிர்ந்து நின்று, படகின் மூக்கை அகன்ற இடத்துக்குள் செலுத்தினார். மூக்கு உள்ளே போயிற்று. வால் சுழன்று வந்து எதிர்க்கரையில் மோதி நின்றது. மூக்கும் சேற்றில், வாலும் சேற்றில்; கால்வாய்க்குக் குறுக்கே தாழ்ப்பாள் போட்டதுபோல் படகு நின்றது.

டோரீன் வரைபடத்தை விரித்தாள். "நாப்பத்தஞ்சு அடி வரைக்குந்தான் இங்க திரும்பலாம்னு போட்டிருக்கு."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"எங்க இருக்குன்னு கேட்ட, சொன்னேன். எவ்வளவு பெருசுன்னு நீ கேக்கவே இல்லையே."

எதிர்த்திசையிலிருந்து வந்த படகு வழியில்லாமல் நின்றது. அதிலிருந்த தாடிக்காரர், நாயைக் கூரையில் உட்கார வைத்துவிட்டு, நீண்ட கழியால் இவர்கள் படகை உந்தி நேராக்கினார்.

"அறுபதடிக்கு அடுத்த கிராமத்துலதான் எடம். பெரிய வேலி வச்ச ஒரு வீட்டுக்கு நேரா." அவர் ஹெட்லியை உற்றுப் பார்த்தார். "ஆமா, வேலி வெட்ட வர்றதா சொன்னாங்களே, அது நீங்கதானா? அந்தம்மா காலைலேர்ந்து கத்தரியோட நிக்கறாங்க."

ஹெட்லி மனைவியைப் பார்த்தார். மனைவி நாயைப் பார்த்தாள்.

பின்னோக்கிப் போகலாமென்றால், அப்போது படகு சுக்கானின் பேச்சைக் கேட்காது. ஆகவே ஹெட்லி அந்த நான்கு மைலும் முன்னோக்கியே ஓட்டினார். இருப்பினும் ஒரு நம்பிக்கை மட்டும் எஞ்சியிருந்தது. ஈனிட்டின் தலை தெரிந்ததுமே அதை அறிவித்தார்.

"மன்னிக்கணும், ஈனிட். நான் சுக்கான விட்டு நகரக் கூடாது. கரைல எறங்கறதுக்கு வழியே இல்ல."

"உங்கள யாரு எறங்கச் சொன்னா?" என்றாள் ஈனிட். "தோட்டத்துப் பக்கத்த ஆள் வச்சு வெட்டியாச்சு. தண்ணிப் பக்கந்தான் இத்தன வருஷமா யாருக்கும் எட்டல. கூரை மேல ஏறி நில்லுங்க, போதும்."

கத்தரி கைமாறியது. டோரீன் சுக்கானைப் பிடித்து, ஓரிலைகூட உதிராமல் படகை வேலியோடு ஒட்டி நிறுத்தினாள்.

"இத எங்க கத்துக்கிட்ட?"

"மூணு நாளா உன்னப் பாத்துக்கிட்டே இருந்தேன். நீ செய்யாததயெல்லாம் செஞ்சேன்." அவள் தேநீரைக் கூரைமீது வைத்தாள். "ராத்திரி தூங்கறது நம்ம படகுலதான். அந்தத் தையல் ரூமுக்குப் போக வேணாம். வருஷா வருஷம் உன் கால் வெளிய நீட்டிக்கிட்டு கெடக்கறதப் பாத்தா எனக்கு மனசு கேக்கல. அதுக்குத்தானே அந்தப் புத்தகத்த ஜாடிக்கடியில வச்சேன்."

ஹெட்லியின் கோபம் பாதி கரைந்தது. மீதியை வேலியின்மேல் காட்டினார். கூரையின் ஒரு கோடியில் தொடங்கி வெட்டிக்கொண்டே போனார். படகை ஒருமுறையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. படகின் மூக்கு முடிந்த இடத்தில் வேலியும் முடிந்தது. கத்தரியோடு நின்று, வேலியை ஒருமுறையும் படகை ஒருமுறையும் பார்த்தார்.

"டோரீன், இந்த வேலி சரியா அறுபதடி."

"ஆமா ஹெட்லி. நாப்பதடிப் படகு எட்டாதே."