ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த அடுப்பு

எனக்குப் பேய் பயம் கிடையாது என்று சொல்கிறவர்கள் எல்லோரும் அதைப் பகல் வெளிச்சத்தில்தான் சொல்வார்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். ஆனால் நான் பயந்து அலறியதே பட்டப்பகலில், மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு, இரண்டாயிரம் கோழிக்குஞ்சுகள் சாட்சியாக. இதில் பேயைவிட என்னை அதிகம் வெட்கப்பட வைக்கும் சங்கதி ஒன்று உண்டு. நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். (நான்கு வருடப் படிப்பை ஐந்தே வருடத்தில் முடித்தேன்.)

கல்யாணமாகி நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டுக்கு வந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. என் கணவருக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை. வருடத்தில் ஒன்பது மாதம் ஆந்திராவில் எங்காவது பாறையைக் குடைந்துகொண்டிருப்பார். வீட்டில் நானும் மாமியாரும்தான். வீட்டுக்குப் பின்னால் கறிக்கோழிக் கொட்டகை. கம்பெனிக்காரர்கள் குஞ்சும் தீவனமும் கொடுப்பார்கள், வளர்த்துக் கொடுப்பது எங்கள் பாடு. "மூணு தடவ குஞ்சுகள நல்லபடியா வளத்துக் காட்டிட்டீங்கன்னா ரிக்கை உட்டுட்டு ஊட்டோட வந்தர்றேன்" என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டு தடவை நல்லபடியாக முடிந்திருந்தது. மூன்றாம் தடவைக் குஞ்சு மார்கழி மாதம் வந்தது. குஞ்சு பிழைத்தால் புருஷன் வீட்டுக்கு வருவார், செத்தால் மறுபடியும் ஆந்திரா. அவர் வந்துவிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

பிறந்து ஒரு நாளான குஞ்சுக்கு முதல் வாரம் சூடு வேண்டும். அதுவரை கரி அடுப்புதான் வைத்திருந்தோம், அதன் புகையில் குஞ்சுகளும் நாங்களும் சேர்ந்தே இருமினோம். அந்த நேரத்தில்தான் என் கணவரின் சிநேகிதர் ஒருவர் ஏற்காட்டில் பூட்டிக் கிடந்த ஒரு பங்களாவிலிருந்து பழைய பெல்லட் அடுப்பு ஒன்றை லாரியில் ஏற்றி வந்து இறக்கினார். மரத்தூளையும் உரித்த கடலையின் தொப்பியையும் அழுத்திச் செய்த சுண்டுவிரல் அளவுக் குச்சிகள்தான் அதற்கு எரிபொருள். மேலே தொட்டியில் கொட்டிவிட்டால், ஒரு திருகு கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியை உள்ளே தள்ளும். தள்ளும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம். புகையை விசிறி குழாய் வழியாக வெளியே இழுத்துவிடும். அறை குளிர்ந்தால் தானே பற்றிக்கொள்ளும்.

கூடவே ஒரு சாய்வு நாற்காலியும் வந்தது. அதில்தான் வில்லங்கம்.

"அந்த பங்களாக்காரர் தனிக்கட்டைங்க. பெரிய வெள்ளை மீசை. இந்த அடுப்பு முன்னால இதே நாற்காலியில உக்காந்தபடியேதான் போய்ச் சேந்தாராமா" என்று சிநேகிதர் ஊர்க்கதை போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அத்தை அந்த நாற்காலியை வீட்டுக்குள் விடவில்லை. கொட்டகையை ஒட்டிய தீவன அறையில், மூட்டைகளுக்கு மேலே தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டார். நாற்காலிக்குத்தான் தீட்டு, அடுப்புக்கு இல்லையாம். (அடுப்பு எங்களுக்கு வேண்டியிருந்தது.)

அடுப்பு பழையது, பாதி உறுப்புகள் போயிருந்தன. இன்ஜினியர் மருமகள் களத்தில் இறங்கினேன். பற்றவைக்கும் கம்பியை இணையத்தில் தேடி வரவழைத்தேன். கதவைச் சுற்றி அடைக்கும், தீயில் கருகாத கயிற்றை லாரி சைலன்சர் கடையில் அளவெடுத்து வாங்கினேன். விசிறிக்குத் திருச்செங்கோட்டிலிருந்து பேரிங். கடைசியாகக் காற்றழுத்த ஸ்விட்ச். புகைக்குழாய் சரியாக இழுக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. இழுக்கவில்லை என்று அதற்குத் தோன்றினால் குச்சி போவதை நிறுத்திவிடும். கறுப்பாக, வட்டமாக, பணியாரம் அளவில் இருந்தது. அதை அடுப்பின் முதுகில் மாட்டினேன். மறுபடி கழற்ற வேண்டியிருக்குமே என்று பின்மூடியைப் போடாமலே விட்டேன். பரிசோதனை ஓட்டத்தில் அடுப்பு அழகாக எரிந்தது. வீடியோ காலில் கணவருக்குக் காட்டினேன். அன்றைக்கு என் கால் தரையில் படவில்லை.

குஞ்சு வண்டி வந்த காலையில் வானம் மூடிக்கிடந்தது. தூறல், ஊதல் காற்று. விடியலிலேயே அடுப்பைப் பற்றவைத்து, கொட்டகையின் படுதாக்களை இறக்கிவிட்டிருந்தேன். குஞ்சுகள் உமியில் இறங்கி மஞ்சளாகப் பரவி நிம்மதியாகக் கொறித்தன. ஒன்பது மணிக்கு அத்தை வந்து பார்த்தார்.

"ஏஞ்சாமி, புதுச் சாமான் போட்டிருக்கறயே, பொட்டு வெச்சயா?"

"இல்லைங்க அத்தை."

"பொட்டு வெக்காமயா பத்த வெச்ச? என்ன படிச்சயோ போ!"

எங்கள் பக்கம் மோட்டார் முதல் மிக்ஸி வரை, பொட்டு வைக்காமல் எதுவும் ஓடாது. குளித்துவிட்டு வந்து, மாற்றிய உறுப்பு ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அந்த வட்ட ஸ்விட்சின் நடுவில் சின்னதாக ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே கம்பெனிக்காரன் விட்டது போல இருந்தது. ஆசையாக, கொழகொழவென்று ஒரு சொட்டு வைத்தேன். சூடம் காட்டினோம். அடுப்பு தெய்வ களையோடு எரிந்தது.

உச்சிப் பொழுதில் தீவனம் போட உள்ளே போனேன். படுதாவுக்குள் பழுப்பு இருட்டு. தொட்டியில் குச்சி நிறைய இருந்தது, தீ மட்டும் இல்லை. 'டக்' சத்தமும் இல்லை. விசிறி மட்டும் மெல்ல, வயதானவர் தூக்கத்தில் மூச்சு விடுவது போல ஓடிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. கதவுக் கண்ணாடியில் கரி படிந்திருந்தது. படிந்ததென்னவோ கரிதான். ஆனால் அதில் இரண்டு கண்களும், கீழே அகலமாக ஒரு மீசையும் தெரிந்தன.

துணியால் அழுத்தித் துடைத்தேன். கம்பியைப் பார்த்தேன், ஒயரைப் பார்த்தேன், விசிறியைப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. பழைய கரி அடுப்பைத் தேடி எடுத்து மூட்டி, சாக்கு போர்த்தி, குண்டு பல்பு தொங்கவிட்டு எப்படியோ சமாளித்தேன். பொழுது சாயும்போது, நான் தொடாமலே, 'டக்' என்றது. பத்து நிமிடத்தில் தீ எரிந்தது.

"பொட்டு பத்தல சாமி" என்றார் அத்தை. மறுநாள் காலையில் இன்னும் பெரிதாக வைக்கச் சொன்னார். வைத்தேன். பதினொரு மணிக்கே அணைந்தது. அதே மூச்சு. துடைத்த கண்ணாடியில் அதே மீசை, அதே இடத்தில். பதினாறு குஞ்சுகள் செத்துக் கிடந்தன. அவற்றைக் கூடையில் பொறுக்கினேன். ஒவ்வொரு குஞ்சும் என் புருஷனை ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போவது போல இருந்தது.

அன்று மாலை அத்தை அடுப்பின் முன்னால் நின்று கும்பிட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்த பங்களாக்கார மனுசன் இங்கிலீசுலயேதான் பேசுவாராமா. நாஞ் சொல்றது அவருக்கு எங்க புரியப்போவுது? நீ சொல்லு சாமி."

"அத்தை, நான் இன்ஜினியருங்க."

"அதுக்குத்தான் சொல்றேன். இங்கிலீசுலதான படிச்ச?"

சிரிப்பு வந்தது. ஆனால் படுதா காற்றில் உப்பி அடங்க, விசிறி மூச்சு விட, இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் நிற்கும்போது அந்தச் சிரிப்பு வெளியே வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அடுப்பைப் பார்த்து, "சார், ப்ளீஸ் சார். பேபி சிக்கன்ஸ் சார். வெரி கோல்டு சார்" என்றேன். (கல்லூரி வாய்மொழித் தேர்விலும் இதே அளவு இங்கிலீஷ்தான் பேசினேன்.)

'டக்' என்றது.

நான் சத்தியமாகச் சொல்கிறேன், வாயை மூடிய அடுத்த விநாடி. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே தீ எழுந்தபோது இரண்டு பேரும் தோட்டத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தோம். எப்படி அங்கே போனோம் என்று இருவருக்குமே தெரியாது.

மூன்றாம் நாள் காலையில் அத்தை பூசாரியைக் கூட்டி வந்தார். அவர் அடுப்பை மூன்று சுற்றுச் சுற்றினார். எலுமிச்சம்பழம் அறுத்தார். அதன் முதுகில் இருந்த என் பொட்டுகளைப் பார்த்து, "இத்தன சின்னதா வெச்சா அவன் எப்படீங்க அடங்குவான்?" என்று சொல்லி, சந்தனத்தை உள்ளங்கையால் அள்ளி அப்பினார். அதன் மேல் விபூதி, அதன் மேல் குங்குமம். அடுப்புக்கு முதுகில் பற்றுப் போட்டது போல இருந்தது. அவர் தட்சணையோடு பஸ் ஏறிய அரைமணி நேரத்தில் அடுப்பு அணைந்தது.

இந்தத் தடவை சுத்தமாக அணைந்தது, இரண்டு மணி நேரம் போராடியும் பற்றவில்லை. குஞ்சுகள் கத்துவதைக்கூட நிறுத்திவிட்டன. இரண்டாயிரம் குஞ்சுகள் இருக்கும் இடத்தில் சத்தமே இல்லாமல் இருப்பதை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்கவும் வேண்டாம். அவற்றுக்குக் கொடுக்க வெதுவெதுப்பாக வெல்லத் தண்ணீர் கரைத்து எடுத்துவர வீட்டுக்கு ஓடினேன். வாளியோடு திரும்பி வந்து படுதாவை விலக்கினேன்.

அடுப்பின் முன்னால் அந்தச் சாய்வு நாற்காலி போட்டிருந்தது. அதில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். முகம், தலை, கை எல்லாம் சாம்பல் வெள்ளை. பெரிய வெள்ளை மீசை. கண்ணை மூடி, வாயைத் திறந்து, 'ஹா... ஹா...' என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"சாஆஆர்!" என்று அலறி, வெல்லத் தண்ணீரை வாளியோடு அவர் மேல் வீசினேன். அந்த நேரத்திலும் மரியாதை குறையாமல் கூப்பிட்டதைத்தான் வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

உருவம் துள்ளி எழுந்தது. "ஏம்புள்ள, கிறுக்கா புடிச்சிருக்குது உனக்கு?" என்றது, என் கணவரின் குரலில்.

என் கணவரேதான். முந்தின நாள் மாலை அத்தை அவருக்குப் போன் போட்டு, "உன்ற பொண்டாட்டி அடுப்புகிட்ட இங்கிலீசு பேசிட்டு நிக்கறா, வெசையா வா" என்று அழுதிருக்கிறார். ஓட்டிக்கொண்டிருந்த ரிக்கை அப்படியே விட்டுவிட்டு, குளிக்காமல்கூட, ஊர் திரும்பிய ரிக் லாரியில் குழாய்களின் மேல் படுத்து வந்திருக்கிறார். பாறை மாவு உடம்பெல்லாம் அப்பியிருந்தது. இப்போது அதன் மேல் வெல்லப்பாகு ஓடியது.

"ஏனுங்க மாமா, ஏன் அப்படி மூச்சு உட்டீங்க?" என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"மூக்கு பூரா மாவு போயி அடச்சிருச்சு புள்ள. வாயிலதான் மூச்சு உடோணும்" என்றார். சுண்டுவிரலை மூக்கில் விட்டு ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்துக் காட்டினார். பிறகு, ஆகா என்று மூச்சை இழுத்தார்.

நான் அந்தக் கட்டியைப் பார்த்தேன். பிறகு அடுப்பைப் பார்த்தேன். ஐந்து வருடப் படிப்பு அந்த இடத்தில்தான் எனக்கு வேலை செய்தது. அடுப்பின் பின்னால் ஓடினேன். பூசாரியின் பற்றைத் துணியால் துடைத்து, தாலிக்கொடியில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, வட்ட ஸ்விட்சின் நடு முனையில் விட்டுக் குடைந்தேன். அரிசி அளவுக்கு இறுகிய சந்தனம் வெளியே விழுந்தது.

'டக்' என்றது அடுப்பு.

அந்த முனை பொட்டு வைக்க விட்டதல்ல. ஸ்விட்சுக்கு வெளிக்காற்றை உணரும் வாய் அது, திறந்தே இருக்க வேண்டும். ஈரச் சந்தனம் அடைத்ததும் குச்சி வருவது நின்றது. காய்ந்து வெடித்து உதிர்ந்ததும் தானே கிளம்பியது. தீனி இல்லாமல் மங்கிய தீ, கண்ணாடியில் கரி பூசியது. பேயை விரட்ட வைத்த ஒவ்வொரு பொட்டும்தான் பேயாக இருந்திருக்கிறது. ஸ்விட்சோடு வந்த காகிதத்தில், அந்த வாயை விரல் அடைப்பது போலப் படம் போட்டு, மேலே பெரிய பெருக்கல் குறியும் போட்டிருந்தார்கள். நான் அதைப் படிக்கவில்லை. அந்தக் காகிதத்தில்தான் குங்குமத்தை மடித்து வைத்திருந்தேன்.

மொத்தம் நாற்பத்து மூன்று குஞ்சுகள் போயின. மற்றவை கிழங்கு மாதிரி வளர்ந்தன. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர், "உங்க ரெண்டு பேர்த்தையும் தனியா உட்டா அடுத்தது கிரைண்டர்கிட்ட இந்தியில பேசுவீங்க" என்று சொல்லி, திரும்பிப் போகவே இல்லை. ஆயுத பூஜை வந்தால் இன்றைக்கும் குடும்பமே சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக நின்று, "இன்ஜினியரம்மா, மோட்டாருக்கு மூக்கு எங்கீங்க?" என்று கேட்கும். நான் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் பொட்டு. அத்தை வருகிறவர்களிடமெல்லாம், "என்ற மருமக பேய்க்கு மூக்கடச்சுத்தான் எம்பையன ஊட்டுக்குக் கொண்டாந்தா" என்பார். எல்லோரும் சிரிப்போம்.

நாற்காலியைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. அன்றைக்கு அதைத் தீவன மூட்டை மேலிருந்து இறக்கி அடுப்பு முன்னால் போட்டது அத்தை இல்லை, நானும் இல்லை. பூசாரி தீவன அறைப் பக்கமே போகவில்லை. கணவரிடம் கேட்டேன்.

"நான் வாரப்பவே போட்டுத்தான் இருந்துச்சு புள்ள" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உக்காரப்ப சூடா வேற இருந்துச்சு. அடுப்பு சூட்டுலன்னு நெனச்சேன்" என்றார்.

அடுப்பு அணைந்து அப்போது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

இப்போதும் குஞ்சு வரும் முதல் வாரம் அந்த நாற்காலியை அத்தை துடைத்து அடுப்பு முன்னால் போட்டுவிடுவார். என் கணவர் மத்தியானமெல்லாம் அங்கேயே இருந்து தீயைப் பார்த்துக்கொள்வார். ஆனால் நாற்காலியில் உட்கார மாட்டார், அதன் பக்கத்தில் தரையில் சாக்கை விரித்து உட்காருவார்.