ஏழுமலை மாமாவுக்கு ஒரு கிரகம்

நான் இதுவரை இருநூற்றுப் பதினேழு கிரகங்களைக் கண்டுபிடித்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. (பெருமைக்காகத்தான்.) நாலைந்தைத் தவிர எல்லாமே ஊரப்பாக்கத்தில், இரண்டாவது மாடி வீட்டில், நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொரிகடலை கொறித்துக்கொண்டே கண்டுபிடித்தவை. அதில் ஒரே ஒரு கிரகம் குறைந்ததால் என் நிச்சயதார்த்தம் நின்றுபோகப் பார்த்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கு இருபத்தைந்து வயது. மூளைக்கு அதைவிடக் கொஞ்சம் கம்மி. கம்ப்யூட்டரில் ஒரு விண்வெளி விளையாட்டுக்கு அடிமையாகிக் கிடந்தேன். சுடுவது, வெட்டுவது, துரத்துவது எதுவும் அதில் கிடையாது. ஆரம்பத்திலேயே ஓர் ஓட்டை விண்கலத்தைக் கையில் கொடுத்து, போய்ப் பார் என்று விட்டுவிடுவார்கள். எங்கே போவது, எதைப் பார்ப்பது எல்லாம் நம் பாடு. எண்ணி மாளாத நட்சத்திரங்கள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கிரகங்கள். பெரும்பாலானவற்றில் அந்த விளையாட்டை விளையாடுகிற யாருமே அதுவரை காலை வைத்ததில்லை. நீங்கள் இறங்கி நடக்கிறீர்கள். புல் ஊதா நிறத்தில் இருக்கிறது. ஆறு கால் பிராணி ஒன்று வந்து உங்களை மோந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் திரும்பிப் போகிறது. இரண்டு சூரியன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைகின்றன. இதையெல்லாம் முதன்முதலில் பார்த்த ஆள் நீங்கள்தான். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு ஒரு தடவை கண் கலங்கிவிட்டது.

இன்னொரு சலுகையும் உண்டு. முதலில் காலை வைப்பவரே அந்தக் கிரகத்துக்குப் பெயர் வைக்கலாம். ஆபீசில் ஒரு ஃபைலுக்குப் பெயர் மாற்றவே நான் மூன்று பேரிடம் அனுமதி கேட்க வேண்டும். இங்கே முழுசாக ஒரு கிரகம்! நான் சொந்தக்காரர்கள் பெயரை வைக்க ஆரம்பித்தேன். அவரவர் குணத்துக்குப் பொருத்தமாக.

ஓயாமல் விஷப்புயல் அடித்த கிரகத்துக்கு கிரிஜா பெரியம்மா. தூரத்தில் வளையமெல்லாம் போட்டுப் பளபளத்து, இறங்கினால் ஒன்றுமே இல்லாத கிரகத்துக்கு மணி சித்தப்பா. நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளப்போகிற கார்த்திக்குக்கு, என்னைக் கண்டதுமே பிராணிகள் எல்லாம் ஓடி ஒளிந்துகொண்ட ஒரு சின்னக் கிரகம். அவன் அம்மாவை அப்போது நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் முன்ஜாக்கிரதையாக, இறங்கிய மூன்று தடவையும் நான் செத்துப்போன கிரகத்துக்கு 'மாமியார்' என்று வைத்தேன். சொந்தக்காரர் பெயர் வைத்த ஒவ்வொன்றையும் மேலே பெயர், கீழே விவரத்தோடு படமாகச் சேமித்தும் வைத்தேன். குற்றவாளி தன் கையாலேயே சாட்சி தயார் செய்வது என்பார்களே, அதுதான்.

இதில் ஏழுமலை மாமா பெயர் மட்டும் இல்லை. அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி. அவருக்குப் பிள்ளை இல்லாததால் பாசம், அதட்டல் இரண்டுமே எனக்கு டபுள். படாளத்தில் விவசாயம் பார்த்த குடும்பம், மாமா காலத்தில் மனை விற்கும் தொழிலுக்கு மாறியது. சென்னையிலிருந்து தெற்கே போகிற ஜி.எஸ்.டி. ரோடு நெடுக அவர் மனைக்கல் நடாத காலி இடம் கிடையாது. மண்ணை ஒரு மிதி மிதித்தே அது பட்டா நிலமா புறம்போக்கா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு ஏனோதானோ என்று ஒரு கிரகத்தைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நல்லதாக ஒன்று வரட்டும் என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். இது சத்தியமான உண்மை, ஆனால் பின்னால் ஒருவரும் நம்பவில்லை.

மாமாவுக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு, அவர் பெயர். பெரியம்மா மகனின் கல்யாணப் பத்திரிகையில் அது விட்டுப்போனது. (அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்றார் பெரியம்மா. மாமா நம்பவில்லை. நானும்தான்.) பந்தியில் உட்கார்ந்தவர், பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். இரண்டு வருடம் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை கிடையாது.

இப்போது நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். கார்த்திக் வீட்டாருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவன் அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை. அவர்களுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக் கோட்டைக்கு அடுத்த தெருவில் ஒரு சின்ன மண்டபம் பிடித்திருந்தோம். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தாய்மாமன் மாலை போட்டு, தட்டு மாற்றி முடிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மாமன் மாலை விழாமல் பெண்ணைச் சபையில் உட்கார வைக்க மாட்டார்கள். காதலித்த பையனுக்கு இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்க எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. "வேற ஊரு, வேற வழக்கம். எதனா ஒண்ணு கோணிக்கினா அவ்ளோதான்டி," என்று அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோணவைத்தது நான்தான். மண்டபத்தில் பெரிய திரை இருந்தது. அதில் எங்கள் இரண்டு பேர் படங்களையும் ஓட்டட்டுமா என்று போட்டோக்காரர் கேட்டார். "நான் ஐடில இருக்கேன் அண்ணா, நானே பண்ணிக்கிறேன்," என்று ஒரு மிதப்போடு லேப்டாப்பைச் செருகி, படங்கள் இருந்த ஃபோல்டரை மொத்தமாகத் தட்டிவிட்டு, ஜடை பின்னிக்கொள்ள உள்ளே போய்விட்டேன். கிரகங்களும் அதே ஃபோல்டரில்தான் இருந்தன.

முதலில் மாமல்லபுரத்தில் எடுத்த படங்கள் ஓடின. கார்த்திக் வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுவதுபோல் நிற்பது, நான் கடலைப் பார்த்து யோசிப்பதுபோல் நடிப்பது எல்லாம் வந்து போயின. அதற்கப்புறம் வெளியே ஒரு குரல் கேட்டது. கார்த்திக்கின் அப்பா. திரையில் இங்கிலீஷில் இருந்ததை, எல்லோருக்கும் புரிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், வகுப்பு எடுப்பதுபோல் நிறுத்தி நிதானமாகத் தமிழில் வாசித்துக்கொண்டிருந்தார்.

"கிரிஜா பெரியம்மா. தட்பவெப்பம், இடைவிடாத நச்சுப் புயல். உயிரினங்கள், மிக அரிது."

பாதிப் பின்னலோடு ஓடி வந்தேன். நான் மேடையைத் தொடுவதற்குள் சித்தப்பா முடிந்து மாமியாருக்கு வந்துவிட்டார். "மாமியார். மனிதர் வாழத் தகுதியற்றது."

பெரியம்மா எழுந்தார். செத்தேன் என்று நினைத்தேன். அவரோ நேராகத் திரைக்கு முன்னால் போய் நின்று, போட்டோக்காரரைப் பார்த்து, "டேய், என் கிரகத்த மறுபடி போடு. போட்டோ எடுத்துக்கறேன்," என்றார். மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஏம்மா, இது நானா? நல்லாப் பெருசாத்தான் இருக்கு," என்று சந்தோஷப்பட்டார். சித்தப்பா தன் வளையத்தை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். என்ன குணம் எழுதியிருக்கிறது என்று ஒருத்தருக்கும் கவலை இல்லை. பெயர் இருக்கிறதா, அது போதும். நம் ஜனங்களை நான் எவ்வளவு குறைத்து எடை போட்டிருந்தேன் என்று நினைத்து, பெருமூச்சு விட்டேன். அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் திரை இருண்டது. படங்கள் தீர்ந்துவிட்டன.

முதல் வரிசையில் ஏழுமலை மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எல்லாம் முடிஞ்சிதா? என் பேரு எங்க?"

உடனே பெரியம்மா, "அச்சகத்துல வுட்டுட்டாங்களோ இன்னமோ," என்றார். (அவருக்கு வைத்த கிரகம் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.) மாமா வெளியே போய் காரில் ஏறி ஸ்டார்ட் செய்தார். நல்லவேளையாகச் சமையல்காரர் வேன் குறுக்கே நின்றது. கோபித்துக்கொண்டு கிளம்பியவர், நின்ற இடத்திலேயே ஏசியைப் போட்டுக்கொண்டு கோபப்பட வேண்டியதாயிற்று. மணி ஒன்பதரை.

நான் ஜன்னலைத் தட்டினேன். இரண்டு விரல் அளவுக்கு இறக்கினார்.

"மாமா, உனக்குன்னு நல்லதா ஒண்ணு தேடிக்கினு இருந்தேன்."

"இருநூறு கீதாமே. அதுல எனக்கு ஒண்ணு தேறலயா? நீ போய் உன் பெரியம்மாவ மாலை போட சொல்லு."

"மாமா, உன் காலுல விழறேன். வா."

"இப்பவே கண்டுபுடி. என் கண்ணு முன்னால. இல்லாங்காட்டி நான் படாளத்துக்குப் போய்க்கினே இருப்பேன்."

ஆக, என் நிச்சயதார்த்த நாளன்று, பட்டுப்புடவையும் பாதி ஜடையுமாக, இரண்டு குடும்பத்துச் சபைக்கு முன்னால் உட்கார்ந்து நான் வீடியோ கேம் ஆடினேன். மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு, மனை பார்க்க வந்தவர்போல் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். முதல் கிரகம் சிவப்பாக, புழுதி பறந்தது.

"இது படாளத்துல சித்திர மாசம். இதுக்கா இவ்ளோ தூரம் போவணும்?"

இரண்டாவது முழுக்கத் தண்ணீர். "ஏரிப் புறம்போக்கு. தொடவே கூடாது. நாளைக்கி வந்து இடிச்சிடுவான்."

மூன்றாவதில் புல், மரம், மலை எல்லாம் இருந்தது. நான் நம்பிக்கையோடு திரும்பிப் பார்த்தேன். மாமா கண்ணை இடுக்கினார். "மண்ணு லூசு. அஸ்திவாரம் நிக்காது." பின்னாலிருந்து பெரியம்மா, "என்னுதுல புயல் அடிச்சாலும் மண்ணு கெட்டிப்பா," என்றார்.

மணி பத்து. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். அவசரத்தில் விண்கலம் ஒரு பாறையில் இடித்துக்கொண்டது. மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. "நவுரு. நீ ஓட்டற ஓட்டுல எனக்கு மயக்கம் வருது. அந்த மூலையில தனியா ஒரு நட்சத்திரம் கீது பாரு, அங்க வுடு. எதத் தட்டினா நடக்கும்?"

விட்டேன். இறக்கினேன். எந்தப் பொத்தான் என்று காட்டினேன். ஒரே மூடுபனி. மாமா நாலு அடி நடந்து ஒரு கல்லில் முட்டினார், திரும்பினார், இன்னும் நாலு அடி வைத்தார். அப்போது பனி மெல்ல விலகியது. கீழே ஒரு பெரிய பள்ளத்தாக்கு. அதில் நீலநிறக் காளான்கள் பனைமர உயரத்துக்கு நின்று மினுக்கிக்கொண்டிருந்தன. வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு பக்கத்துக் கிரகம் எழும்பியது. மண்டபத்தில் குழந்தைகள் நாற்காலிமேல் ஏறி நின்று பார்த்தன.

"தேனு," என்றார் மாமா. குரல் இறங்கியிருந்தது. "இங்க யாருமே வந்ததில்லயா?"

"இல்ல மாமா. நீதான் மொத ஆளு."

"ஓனரு?"

"யாரும் இல்ல."

"வில்லங்கம்?"

"ஒண்ணும் கிடையாது மாமா."

முப்பது வருடத் தொழிலில் அப்படி ஓர் இடத்தை அவர் பார்த்ததில்லை. பொத்தானைத் தட்டி மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

புதுத் தொல்லை அங்கேதான் தொடங்கியது. எழுந்திருக்கவே மாட்டேன் என்றார். "அந்த மேட்டுக்கு அந்தாண்ட இன்னா கீதுன்னு பாத்துட்டு வந்துடறேன்," என்பார். மேட்டுக்கு அந்தாண்ட இன்னொரு மேடு இருக்கும். கார்த்திக்கின் அப்பா வேறு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சார், இடது பக்கம் ஏதோ வெளிச்சம் தெரியுது, பாருங்க," என்று எண்ணெய் ஊற்றினார். பத்தேகால் ஆயிற்று. பத்து இருபது ஆயிற்று. அம்மா பொறுமை இழந்து சுவரில் இருந்த வயரைப் பிடித்து இழுத்தார். பெரிய திரை அணைந்தது.

"அய்யோ அம்மா, சேவ் பண்ணல!" என்று நான் அலறினேன். (என் வாழ்க்கையே போய்க்கொண்டிருக்கிறது, என் கவலையைப் பாருங்கள்.) லேப்டாப் மட்டும் பேட்டரியில் உயிரோடு இருந்தது. மாமா குனிந்து அதில் நடந்துகொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"மாமா, நீ மாலை போடலன்னா நான் இப்படியே நிக்கணும்," என்றேன்.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பாதி ஜடை, கன்னமெல்லாம் மை. "தோ வரேன்டி," என்றார். பெயர் எழுதும் இடம் எது என்று மட்டும் கேட்டார். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, ஒருவருக்கும் காட்டாமல் அடித்தார். அப்பா நிமிடத்தை எண்ணிக்கொண்டிருந்தார். மூடியைச் சாத்திவிட்டு ஓடிவந்து மாமா என் கழுத்தில் மாலையைப் போட்டபோது பத்து இருபத்தேழு. தட்டு மாற்றியது பத்து இருபத்தொன்பது. இன்றைக்கும் எங்கள் நிச்சயதார்த்த ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் நான் பாதி ஜடையோடுதான் இருக்கிறேன்.

மறுநாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தேன். 'ஏழுமலை' என்று இருக்கும், கூடவே தொழிலதிபர் என்று பட்டமும் போட்டிருப்பார் என்று நினைத்தேன். 'தேன்மொழி நகர்' என்று என் பெயர் இருந்தது.

போன் போட்டேன். "மாமா, உன் பேருக்காகத்தானே அவ்ளோ கலாட்டா பண்ண?"

"லேஅவுட்டுக்கு எவனாவது புரோமோட்டர் பேரு வெப்பானா? வூட்டுப் பொண்ணு பேரத்தான் வெப்பாங்க," என்றார். "இத்தினி வருஷமா எவன் எவன் பொண்ணு பேர்லயோ போர்டு வெச்சிகினு கீறேன். இது ஒண்ணு நம்ப வூட்டுப் பொண்ணு பேர்ல இருந்துட்டுப் போவட்டும்."

போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, என் பெயரில் இருக்கும் சொத்தை ஒரு சுற்று பார்த்து வரலாமே என்று கிளம்பினேன். மாமா நின்ற இடத்திலிருந்து அரை கிலோமீட்டர் தாண்டியதும் வானம் மஞ்சளாகி ஆசிட் மழை கொட்டியது. நான் செத்தேன். மறுபடி போனேன். மறுபடியும் செத்தேன்.

திரும்ப போன் போட்டேன். "மாமா, இங்க ஆசிட் மழை பெய்யுது. சொட்டுத் தண்ணி இல்ல. அந்தக் காளானும் விஷமாம்."

மறுமுனையில் ஒரு நொடிகூடத் தயக்கம் இல்லை, மனை வாங்க வருகிறவர்களிடம் பேசும் அதே குரல். "அதெல்லாம் டெவலப் ஆவும்டி. புடிச்சிப் போட்டு வை."

அந்த வாக்கியம் அதற்கப்புறம் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொதுச்சொத்து ஆகிவிட்டது. கார்த்திக்கின் புது வேலைக்கும் அதைச் சொன்னார்கள், மணி சித்தப்பா வாங்கிய பழைய காருக்கும் சொன்னார்கள். போன வாரம் நான் வைத்த புளிக்குழம்பை மாமியார் ஒரு வாய் சாப்பிட்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மெல்ல மென்று விழுங்கிவிட்டு, என்னைக் காட்டி மகனிடம், "டெவலப் ஆவும்லே, பிடிச்சிப் போட்டு வை," என்றார்.