லெஃப்ட் சைடு முன் டயர்

கோவிந்தப்பா அன்னைக்கு ஒரு முடிவு எடுத்தான். கல்யாணமாயி பன்னெண்டு வருஷத்துல அவன் எடுத்த மொத முடிவு. அதுவரைக்கும் எல்லா முடிவையும் பாஞ்சாலி எடுத்தா. இவன் எடுத்து வெச்சான், அவ்ளோதான்.

முடிவு இதான்: தண்ணி லாரியோட முன் டயரை மாத்தப் போறதில்ல. ஒட்டித்தான் ஓட்டப் போறான்.

செவ்வாக்கெழம பெங்களூரு ஓல்ட் மெட்ராஸ் ரோட்டுல எவனோ நோண்டிப் போட்ட குழிலேர்ந்து ஒரு கம்பி நீட்டினு இருந்துச்சு. அது லெஃப்ட் சைடு முன் டயரை ஒரே இழு. நடுவுல குத்தியிருந்தா வெறும் பஞ்சர். இது பக்கவாட்டுல, ரெண்டு வெரல் நீளத்துக்கு கிழிச்சி வுட்டிருச்சு. ஸ்டெப்னிய மாட்டினு மர்பி டவுன் வந்து சேந்தான். அந்த ஸ்டெப்னி கோவிந்தப்பா தலைய விட வழுக்கை. அதுல வீட்டுக்கு வரலாம், வேலைக்குப் போவ முடியாது.

மர்பி டவுன் பஞ்சர் கடை ஐரின் அக்காவோடது. புருஷன் செத்தப்புறம் அவங்களே ஜாக்கியப் புடிச்சி நின்னவங்க. கிழிசல வெரல வுட்டுப் பாத்தாங்க. சாவு வீட்ல மொகத்தப் பாக்கற மாதிரி பாத்தாங்க.

"ஆவாது கோவிந்தா. மாத்திரு."

"உள்ள ஒரு துண்டு வெச்சி பேட்ச் போடுக்கா. ஆறு மாசம் ஓடும்."

"நக்கோ பா, வாணாம். பக்கவாட்டுலதான் டயரு வளையும். சுத்துக்கு ஒருவாட்டி வளையும். ஒட்டு எத்தினி வாட்டி தாங்கும்?"

"பின்னாடி டயருக்கெல்லாம் போடறியே?"

"பின்னாடி நாலு இருக்கு. ஒண்ணு செத்தா மூணு தூக்கினு வரும். முன்னாடி ஒண்ணு போச்சுன்னா ஸ்டேரிங் உன் பேச்சக் கேக்காது."

"என் பேச்ச யாருக்கா கேக்கறாங்க? வீட்லயும் இல்ல, உன் கடைலயும் இல்ல. ஸ்டேரிங் ஒண்ணுதான் பாக்கி. அதுக்கும் சொல்லிக் குடுக்காத."

ஐரின் அக்கா சிரிக்கல.

"மஞ்சுநாத்துக்கும் இதான் சொன்னேன்"ன்னாங்க. சொல்லிட்டு கைய தொடச்சினு உள்ள போயிட்டாங்க.

மஞ்சுநாத்து பாஞ்சாலியோட தம்பி. ரெண்டு வருஷம் முன்னாடி, கோலார்லேர்ந்து தக்காளி லோடு ஏத்தினு வந்தான். ஹொஸ்கோட்டை தாண்டல. ஒட்டுன முன் டயர் வெடிச்சி வண்டி குப்புற அடிச்சிருச்சு. மொதல்ல வந்த ஆளுங்க ரோடெல்லாம் செவப்பப் பாத்துட்டு, வெறும் தக்காளிதான்னு நெனச்சாங்களாம்.

இப்ப அவன் மாலையோட, சீரியல் பல்போட, டிவிக்கு மேல சிரிச்சினு இருக்கான். அந்த சிரிப்புக்கு நேரா கீழ ஒக்காந்துதான் கோவிந்தப்பா வாதாடினான்.

பாஞ்சாலி உல்சூர்ல ஒரு ஆபீஸ்ல ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அங்க நாப்பது பேர வேல வாங்கறா. வீட்ல பொண்ணு ரூபினிய வுட்டா வேல வாங்க ஆள் ஒண்ணே ஒண்ணு. நாப்பது பேருக்கான அதிகாரமும் அந்த ஒண்ணு மேல எறங்கும்.

"மாத்துய்யா."

"கால்ல புண்ணு வந்தா டாக்டரே கால வெட்டறதில்ல பாஞ்சாலி. மருந்து போடறாரு."

"உன் கால்ல ஆறாயிரம் லிட்டர் தண்ணி ஏத்தினு போறியா?"

"பாதி ரப்பர் இருக்கு மே. பாதி ரப்பரோட எவனாச்சும் தூக்கிப் போடுவானா?"

"மஞ்சு வண்டிலயும் பாதி ரப்பர் இருந்துச்சு."

கோவிந்தப்பா டிவிய ஆன் பண்ணலாம்னு பாத்தான். டிவிக்கு மேல மச்சான் இருந்தான். ஆன் பண்ணல.

பாஞ்சாலி பீரோவத் தொறந்தா. டயருக்குன்னு பணத்த எண்ணி அவன் பாக்கெட்ல சொருவினா. "புது டயரோட வா. இல்லன்னா வராத."

கோவிந்தப்பா வெளிய வந்தப்ப அவனுக்குள்ள ஒரு ராஜா முழிச்சினு இருந்தான். திட்டம் அங்கயே ரெடி. கே.ஆர்.புரம் பக்கம் எதையும் ஒட்டித் தர்ற ஒரு கட இருக்கு. கேள்வி கேக்க மாட்டான். பதிலும் சொல்ல மாட்டான். அங்க ஒட்டிக்கறது. மேல கறுப்பு பாலிஷ் அடிச்சிக்கறது. பணத்த அப்படியே லாரி பர்ஸ்ட் எய்டு டப்பால வெக்கறது. அந்த டப்பால வேற ஒண்ணும் கெடையாது. பஞ்சு கூட இல்ல. ஆறு மாசம் ஓட்டிட்டு, ஒரு நாள் பணத்த எடுத்து அவ முன்னாடி வெக்கறது. "இந்தா. ஒட்டு டயர்லதான் ஓட்டினேன். உசுரோடதான் இருக்கேன்."

அப்ப அவ சொல்லணும்: "நீ சொன்னது சரிதான்யா."

அந்த ஒரு வரிக்குதான். பன்னெண்டு வருஷமா கேக்காத அந்த ஒரு வரிக்காக மனுஷன் தன் உசுர முன் சக்கரத்துல கட்டினான்.

புதன்கெழம ஒட்டியாச்சு. பாலிஷ் அடிச்சாச்சு. டயர் புது மாப்ள மாதிரி மின்னுச்சு. வியாழக்கெழம விடிஞ்சதும் போயி போர்வெல்ல தண்ணி ரொப்பினு வந்து தெரு முனைல நிறுத்தினான். ஒட்டு தாங்கிருச்சு. விசில் அடிச்சினே எறங்கினான்.

எறங்கின எடத்துல பாஞ்சாலி நின்னுனு இருந்தா. கைல தட்டு. தட்டுல குங்குமம், கற்பூரம், எலுமிச்சம்பழம்.

"இன்னாமே இது?"

"புது டயருக்கு பூஜ போட வாணாமா?"

குனிஞ்சா. டயரத் தடவினா. தடவினே இருந்தா.

"ஏய்யா, புது டயர்ல சின்னச் சின்னதா ரப்பர் முடி நீட்டினு இருக்குமே. எங்க?"

"அது... அதெல்லாம் இப்ப ஷேவ் பண்ணிதான் குடுக்கறாங்க."

"டயருக்கு ஷேவிங்கா?"

"பெங்களூரு மே. நாய்க்கே பார்லர் இருக்கு."

"ஓ." அவ்ளோதான் சொன்னா. குங்குமத்த எடுத்து அந்தப் பக்கவாட்டுல, சரியா அந்த எடத்துலயே, அப்பினா. கற்பூரத்த ஏத்தினா. "கற்பூரத்துல அடிச்சி சத்தியம் பண்ணு. புது டயர்னு."

கோவிந்தப்பா தும்மினான். தும்மல் வரல, இவன்தான் இஸ்த்துனு வந்தான். மூக்கு, வாயி, முழு ஒடம்பும் சேந்து தும்மினான். கற்பூரம் அணைஞ்சிச்சி.

"அபசகுனம்"ன்னான் அவசரமா. "இன்னொருவாட்டி ஏத்தக் கூடாது."

"சரி, வுடு." பாஞ்சாலி எழுந்தா. "இன்னைக்கி லோடு விவேக் நகருக்குதான? நானும் ரூபினியும் கூட வர்றோம். வியாழக்கெழம. அங்க குழந்த ஏசு கோயில்ல விசேஷ நாளு, ஒரு வேண்டுதல் இருக்கு."

கோவிந்தப்பாவோட உள்ள இருந்த ராஜா படுத்துட்டான்.

"லாரிலயா? போலீஸ் புடிப்பான்."

"போன மாசம் உன் ப்ரெண்ட்ஸ் அஞ்சு பேர ஏத்தினு போனியே. போலீஸ் லீவா?"

"சீட்ல கிரீஸு."

"பழைய பொடவைதான் கட்டியிருக்கேன்."

"பஸ்ல போங்க மே! பொம்பளைங்களுக்கு பஸ்ஸு ப்ரீ! கவர்மென்ட் குடுக்கறத வேஸ்ட் பண்ணுவியா?"

"புது டயரயும் வேஸ்ட் பண்ணக் கூடாதில்ல?" அவ மொகத்துல ஒண்ணுமில்ல. துணி தொவைக்கற கல்லு மாதிரி இருந்துச்சு. "நீ போயி உல்சூர் மார்க்கெட்ல நாலு மொழம் மல்லி, ஒரு கட்டு மெழுகுவத்தி வாங்கினு வா. அதுக்குள்ள கொயந்தைக்கு தல சீவி வுடறேன். சாவிய குடுத்துட்டுப் போ, கேபின கூட்டி வெக்கறேன்."

தப்பிச்சா போதும்னு சாவியக் குடுத்துட்டு ஓடினான். மார்க்கெட்ல ஒன்றர மணி நேரம் சுத்தினான். மல்லிய மோந்து மோந்து பாத்தான். மெழுகுவத்தி வாங்கறப்ப ஒண்ணு சேத்து வாங்கினான். எதுக்குன்னு அவனுக்கே தெரியல.

திரும்பி வந்தா ரெண்டு பேரும் சீட்ல ஏறி ஒக்காந்தாச்சு. ரூபினி ஆறாங்கிளாஸ். ரெட்ட ஜட, ரெட்ட ரிப்பன். லெஃப்ட் சைடு ஜன்னலோரம். அவ செருப்புக்கு நேரா கீழ அந்த டயர். குங்குமம் இன்னும் தாராளமா அப்பியிருந்துச்சு. அவனால அந்தப் பக்கம் ரெண்டாவதுவாட்டி பாக்க முடியல. சுத்தினு போயி தன் கதவத் தொறந்து ஏறினான்.

"கண்ணு, நீ இப்படி நடுவுல வாடா."

"ஜன்னல் என்னுதுப்பா!"

"அவ அங்கயே இருக்கட்டும்"ன்னா பாஞ்சாலி. "புது டயர் மேல இருக்கா. இன்னா பயம்?"

வண்டி கெளம்புச்சு. கெளம்புச்சுன்னு சொல்லணும், ஆனா நவுந்துச்சுன்னுதான் சொல்ல முடியும். பஸ்ஸு தாண்டிப் போச்சு. ஆட்டோ தாண்டிப் போச்சு. கொத்துமல்லி வண்டிக்காரன் தள்ளினே தாண்டிப் போனான், போறப்ப திரும்பி பரிதாபமா வேற பாத்தான்.

"ப்பா, வண்டி ஓடுதா, நிக்குதா?"

"பாதுகாப்பு கண்ணு."

"புது டயர் போட்டா வேகமா போவும்னு அம்மா சொன்னாளே?"

"புது டயர் பழகணும். புது செருப்பு மாதிரி. கடிக்கும்."

"யாரக் கடிக்கும்?"

ஹண்ட்ரட் ஃபீட் ரோட்டுல ஒரு பள்ளம். முன் சக்கரம் எறங்கி ஏறுச்சு. தொட்டில தண்ணி சளார்னு அடிச்சிச்சி. கோவிந்தப்பா கண்ணு ரோட்டுல இருந்துச்சு, ஆனா பாத்தது ரோட்ட இல்ல. ஆஸ்பத்திரில மஞ்சுநாத்தோட துணிய ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு குடுத்தாங்க. கையெழுத்து போட்டு வாங்கினவன் இவன்தான். சட்டைல ஒரு தக்காளி வெத ஒட்டினு இருந்துச்சு. அதத் தட்டி வுடறதா வாணாமான்னு தெரியாம கைல வெச்சினு நின்னான். தான் தனியா போனா பரவால்ல. ஒரு மாலை, ஒரு சீரியல் பல்பு. டிவிக்கு மேல எடம் இருக்கு. ஆனா அந்த ரெட்ட ரிப்பன்?

தொமலூர் பிரிட்ஜ் வந்துச்சு. ஏறினான். உச்சிலேர்ந்து எறக்கம் தெரிஞ்சிச்சி. கீழ வண்டிங்க எறும்பு மாதிரி ஓடினு இருந்துச்சு. ஆறாயிரம் லிட்டர் தண்ணி முதுகுல கைய வெச்சி தள்ளுச்சு.

"இன்னாய்யா, வேர்க்குது?"

"வெயிலு."

"மழ தூறினு இருக்கு."

கோவிந்தப்பா பிரேக்க மிதிச்சான். நட்டநடு பிரிட்ஜ்ல. பின்னாடி இருந்த மொத்த பெங்களூரும் ஹாரன் அடிச்சிச்சி.

"எறங்கு."

"எதுக்கு?"

"எறங்குங்கறேன்ல! கொயந்தைய எறக்கு!" கொரல் ஒடஞ்சிருச்சு. "அது புது டயர் இல்ல மே. ஒட்டினது. கே.ஆர்.புரத்துல ஒட்டினேன். பாலிஷ் அடிச்சேன். பொய் சொன்னேன். தும்மினது கூட பொய். எறங்கு, நடந்து போயிருங்க. நான் மட்டும் எறக்கினு வர்றேன். வெடிச்சா என்னோட போவட்டும்."

ரூபினி வாயத் தொறந்து பாத்தா. பாஞ்சாலி அசையல. மல்லிய எடுத்து பொண்ணு தலைல சரியா வெச்சி வுட்டா. பின்னாடி ஹாரன் சத்தம் ஏறினே போச்சு.

"அந்த டயர காலையிலயே கழட்டியாச்சுய்யா."

"எந்த டயர?"

"நீ மல்லி வாங்கப் போனப்ப. ஐரின் அக்கா வந்து மாட்டினாங்க. காசு பர்ஸ்ட் எய்டு டப்பால இருந்துச்சு. கேபின கூட்டறப்ப கெடச்சிது. குங்குமம் மறுபடி நானே அப்பினேன், மாத்தினது உனக்குத் தெரியக் கூடாதுன்னு."

கோவிந்தப்பாவுக்கு காது அடச்சிருச்சு. மார்க்கெட்லேர்ந்து வந்ததுலேர்ந்து, உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் வேர்த்து, கொத்துமல்லி வண்டிகிட்ட கூட தோத்து, இத்தினி நேரமும் அவன் ஓட்டினு வந்தது புத்தம் புது டயர்ல.

"அப்ப... அப்ப எதுக்கு மே என்ன இப்படி..."

"மஞ்சுவும் எங்கிட்ட புது டயர்னுதான் சொன்னான்." அவ ரோட்டப் பாத்துனே பேசினா. "நான் நம்பி சோறு கட்டிக் குடுத்து அனுப்பினேன். அன்னைக்கி அவன் கூட நானும் ஏறி ஒக்காந்திருந்தா உண்மையச் சொல்ல வாயத் தொறந்திருப்பான். இன்னைக்கி ஏறினேன்."

கோவிந்தப்பா ஸ்டேரிங்ல நெத்திய வெச்சான். அழுவறதா சிரிக்கறதான்னு மொகத்துக்கே தெரியல. ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் வந்துச்சு.

ஜன்னல்ல லத்தி தட்டற சத்தம். டிராபிக் போலீஸ். மழக்கோட்டு, கோவம், கன்னடம்.

"ஏன்ரீ! பிரிட்ஜ் மேல லாரி நில்லிசித்தீரா? டயர் ஹோய்தா? போச்சா?"

கோவிந்தப்பா கண்ணத் தொடச்சான். "இல்ல சார். டயர் புதுசு."

புது டயரப் பத்தி அவன் தெரிஞ்சி சொன்ன மொத உண்மை. போலீஸ்காரர் நம்பல. குனிஞ்சி டயரப் பாத்தாரு, வேர்வைல நனஞ்சிருந்த இவனப் பாத்தாரு, அப்புறம் பாஞ்சாலியப் பாத்தாரு.

"ஏனம்மா, இன்னா பிராப்ளம்?"

"டயர மாத்திட்டேன் சார்"ன்னா பாஞ்சாலி. "புருஷன மாத்த முடியாது. ஒட்டித்தான் ஓட்டினு இருக்கேன்."