ஐந்துக்கு ஐந்து வாங்கிய ஆய்வுக்கூடம்

தேகு நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், உயிரியல் மாணவர்களின் வேதியியல் ஆய்வுக்கூடத்தை மேம்படுத்த ஒரு குழு அமைந்தது. மாணவர்கள் போட்ட மதிப்பெண் ஐந்துக்கு 2.3. மூன்றுக்குக் கீழே நின்றால் கூடத்துக்குப் பூட்டு, உதவியாளர் குவாக் உங்சாம் வேலையிழந்து வீட்டுக்கு. அவர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

குழுத் தலைவர் பேராசிரியர் தாக் மாணவர்களின் குறைகளை நுணுக்கமாகப் பரிசீலித்தார். நாற்பத்தொரு பேருக்குக் கால் வலி, நாற்காலிகள் வந்தன. இருபத்திரண்டு பேருக்கு நாற்றம், அமிலங்கள் போயின. மதிப்பெண் 3.4. கண்ணாடி உடையும் என்று பயந்தார்கள்; பரிசோதனையைக் காணொளியாக்கினார்கள். 4.1. கடைசியாக, கூடத்துக்கு நேரில் வரவேண்டியிருக்கிறது என்று குறைப்பட்டார்கள். வருகையும் ரத்தானது.

குவாக் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஐயா, பரிசோதனையே நடக்கலையே?"

"அதனாலதான்யா ஒரு தப்பும் நடக்கல."

அறுபது பேரில் ஐம்பத்தொன்பது பேர் ஐந்து போட்டார்கள். ஒருவர் மட்டும் ஒன்று. மொத்தம் 4.93. பல்கலைக்கழகத்தின் சிறந்த ஆய்வுக்கூட விருதுக்கு முழு ஐந்து வேண்டும். வெள்ளிக்கிழமை வரை மதிப்பெண்ணை மாற்றலாம். அந்த ஆளைப் பிடித்துச் சரிக்கட்டினால் குவாக்கின் வேலை போகாமல் பார்த்துக்கொள்வதாக தாக் வாக்களித்தார்.

யாரென்று எழுதியிருக்கவில்லை. குவாக்குக்குத் தெரியும். பதினோரு செவ்வாய்க்கிழமை பூட்டிய கதவின் முன் வந்து நின்றவள் நாம்கூங் இன்ஹே ஒருத்திதான்.

குவாக் அவளைத் தேடிப்போய்க் கேட்டார்.

"மாத்திடறேன் சார். ஆனா காணொளில காட்டுன அந்த நிறம் மாறுறத ஒரு தடவை என் கையால பாக்கணும்."

குவாக் பூட்டைத் திறந்தார். சொட்டுச் சொட்டாக அளந்துவிடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டை மூன்று முறை கழுவிக் கொடுத்தார். குடுவையில் நிறங்காட்டி சேர்த்திருந்த வினிகரில் அவள் காரத்தை அவசரமாகத் திறந்துவிட, கரைசல் அடர் சிவப்பானது.

"பீட்ரூட் சாறா பிழியற? ஒவ்வொரு சொட்டா விடும்மா."

இரண்டாவது முறை, 13.85 மில்லிலிட்டரில், மெல்லிய இளஞ்சிவப்பு தங்கி நின்றது. இன்ஹே குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"சார், வயித்துல சுரக்குற அமிலத்தையும் இப்படி அளக்கலாமா?"

முப்பத்தொரு வருடத்தில் அவரிடம் இப்படிக் கேட்டவர்கள் ஒன்பது பேர். அளக்கலாம் என்றார், எப்படி என்று ஒன்றரை மணி நேரம் சொன்னார்.

அன்று மாலையே அவள் மனநிறைவோடு ஐந்து போட்டாள்.

முழு மதிப்பெண் வந்தது. விருதும் வந்தது. அதன்பின் குவாக்குக்கு ஒரு கடிதம் வந்தது: மேம்படுத்த எதுவும் மிச்சமில்லாத நிலையை எய்திவிட்ட கூடத்துக்கு உதவியாளர் தேவையில்லை எனக் குழு மகிழ்ச்சியுடன் தீர்மானித்துள்ளது. சாவியை ஒப்படைக்கவும்.

மறுவாரம் குழு மருத்துவக் கல்லூரிக்குப் போனது. அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இரத்தத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று அங்கே நாற்பத்தெட்டு பேர் எழுதியிருந்தார்கள்.