மணப்பொண்ணுக்கு மீசை மொளைச்ச வெவரம்

மஸ்கட்ல இருக்க மரியாதைக்குரிய சுடலைமணி மாமா அவர்களுக்கு, சங்கரன்கோவில்ல உங்க பிளெக்ஸ் கடையில இருந்து மருமவன் அருண்பாண்டியன் எழுதுதது. இங்கன அம்மை சொகம், நான் சொகம், கம்ப்யூட்டருக்குத்தான் சொகமில்ல. அங்கன அத்தை சொகமான்னு கேட்டுக்கிடுதேன்.

மாமா, மூக்காண்டி அண்ணாச்சி போன்ல உங்ககிட்ட என்னத்தச் சொல்லி அழுதாகளோ தெரியல. கடையப் பூட்டிட்டு என்னைய மறுபடி காலேஜ்ல தள்ளப் போறீகளாம், அம்மை சொல்லுதா. அவசரப்படாதீக. கம்ப்யூட்டர்ல இருக்க பிராசசருக்குக் கம்பெனிக்காரன் ஒரு வேகம் வச்சுத்தான் அனுப்புதான். அதுக்கு மேல வெரட்டி ஓட்டுததுக்குப் பேரு ஓவர்கிளாக்கிங். முகூர்த்த சீசன், வாசல்ல கூட்டம் நிக்கி, நானும் செட்டிங்ஸ்ல போயி ஏத்திவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, பறந்துச்சு. ஆனா பெட்டி தோசைக்கல்லு மாதிரி கொதிக்கி. அம்மை தொட்டுப் பாத்துட்டு, "ஏலே, இதுக்கு மேலு காயுதுல"ன்னு கோயிலுக்கு ஓடிப்போயி புத்துமண்ணு எடுத்தாந்து, நமக்குக் கொப்புளம் வந்தா பூசுத மாதிரியே கொழைச்சு, காத்துப் போற ஓட்டை ஒண்ணு விடாமப் பூசிட்டா. நான் டீக்கடையில நின்னேன்.

அப்பவும் அது நிக்கல மாமா. அங்கனதான் ஏமாந்தேன். பொட்டுன்னு நின்னு தொலைச்சிருந்தாத் தப்பிச்சிருப்பேன். இது நல்லபுள்ள மாதிரி ஓடிக்கிட்டே உள்ளுக்குள்ள கணக்கத் தப்புத்தப்பாப் போட்டிருக்கு. மூக்காண்டி அண்ணாச்சி மவன் கல்யாண பேனர்ல படம் கட்டங்கட்டமா நகந்து, மாப்பிள்ளை மீசை பொண்ணு மூக்குக்குக் கீழ போயி ஒக்காந்துட்டு. நான் பாக்காமச் சுருட்டிக் குடுத்துட்டேன், அவுகளும் பாக்காம மண்டபத்து வாசல்ல கட்டிட்டாக.

பொண்ணோட சித்தி பொன்மணி என் சட்டையப் புடிச்சிட்டா.

"எங்க புள்ளைக்கு எதுக்குல மீசை வச்ச?"

"நான் வைக்கலக்கா, பிராசசர் வச்சது."

"எவம்ல அவன்? வரச்சொல்லு இங்கன!"

மூக்காண்டி அண்ணாச்சி தலையில அடிச்சிக்கிட்டாக. "கம்ப்யூட்டர் படிச்சவன்னு நம்புனேனடே!"

"பாதிதான் படிச்சேன் அண்ணாச்சி."

மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேணும்னே கேலி பண்ணுதாகன்னு பொண்ணு வீட்டுக்காரங்க வேனுல ஏறிட்டாக. கல்யாணம் போச்சுன்னே நெனச்சேன். அப்பம் பொண்ணு மாரிசெல்வி மாலையும் கழுத்துமா வெளிய வந்து பேனர ஏற எறங்கப் பாத்துச்சு. "நல்லாத்தான இருக்கு? கெடக்கட்டும். வீட்டுல மீசை யாருக்குன்னு அவுகளுக்கும் இப்பவே தெரியட்டும்"ன்னு சிரிச்சிட்டு. வேனே சிரிச்சிட்டு மாமா. தாலி ஏறிட்டு.

ஆகையினால, வேகத்தப் பழையபடி எறக்கிட்டேன். மண்ணையும் சொரண்டிட்டேன். இனிமே அந்த செட்டிங்ஸ் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டேன், நம்ம கோயில் கோமதியம்மா மேல சத்தியம். கடைய மட்டும் பூட்டிராதீக. அத்தைக்கு ஒரு கும்பிடு, உங்களுக்கு ரெண்டு.

இப்படிக்கு,
திருந்திட்ட மருமவன்
அருண்பாண்டியன்

பின்குறிப்பு: பழைய வேகத்துல இந்த லெட்டர் அடிக்கதுக்குள்ள உசுரு போவுது மாமா, அதனால கொஞ்சூண்டு மட்டும் ஏத்திக்கிட்டேன். கல்யாண நாளுக்கு நீங்க பெருசாக் கேட்ட உங்க ஜோடிப் படத்தயும் கையோட ரெடி பண்ணி இதுகூட அனுப்பிருக்கேன். அத்தைகிட்ட காட்டுததுக்கு முன்னால, நீங்க மட்டும் தனியா ஒருக்காப் பாத்துக்கிடுங்க.